கேளுங்க சொல்றோம்

அமெரிக்க ஃபுட்பால்ல பேட்டன் மானிங் டென்வர் போனப்புறம் நெஜமாவே ஆடினாரா, பேரை வெச்சு ஓட்டினாரா?
- மன்னார்குடி வாசகர்

ரெண்டும்தாங்க. பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துற குவார்ட்டர்பேக் அவரு. கழுத்து ஆபரேஷன்ல 2011 சீசனே போச்சு, பழைய டீம் கோல்ட்ஸ் கழட்டி விட்டுட்டாங்க, 2012ல டென்வர் டீமுக்கு வந்தாரு, 2013ல 55 டச்டவுன் பாஸ் (ஸ்கோர்ல முடியற எறி), எறிஞ்சே 5477 யார்டு தூரம், ரெண்டுமே ஒரு சீசனுக்கு ரெக்கார்டு, ஆனா ஃபைனலான சூப்பர் பவுல்ல சியாட்டில்கிட்ட 43-8 மரண அடி, முதல் பந்தே அவரைத் தாண்டி பின்னாடி பறந்துச்சுன்னா பாத்துக்கங்க. 2015ல எறியற கையில பலமே போயிடுச்சு. 9 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன் (எதிரணி கையில மாட்டின எறி), நடுவுல பெஞ்ச்ல வேற உக்கார வெச்சாங்க. கடைமடைக்குத் தண்ணி வந்த கணக்கா டென்வர்ல அவருக்கு சூப்பர் பவுல் கப்பு அந்த சீசன்லதான் வந்துச்சு, 39 வயசுல, கரோலினாவ 24-10னு, அதுவும் டிஃபென்ஸ் புண்ணியம், அதுல வான் மில்லர் பின்னிட்டாப்ல. அடுத்த மாசமே ரிட்டயர்மென்ட் சொல்லிட்டாரு, வெவரமான ஆளு.