வைரஸ் மாற்றிய செல்களில் வளர்ச்சித் தடுப்புப் புரதங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஹீலா செல்களில் (கருப்பை வாய்ப் புற்றிலிருந்து வளர்க்கப்படும் செல்கள்) பி53 மரபணு (செல் பெருக்கத்தைத் தடுக்கும் புரதத்துக்கானது) பழுதாகவில்லை என்கிறார்கள். அப்புறம் ஏன் நிற்காமல் பெருகுகின்றன?

பதில்: மரபணு சரிதான், புரதம்தான் தங்குவதில்லை. இந்தச் செல்களில் இருக்கும் பாப்பிலோமா வைரஸான எச்பிவி 18-இன் இ6 புரதம், செல்லின் சொந்த நொதியான இ6ஏபி-யைத் துணைக்குச் சேர்த்து பி53 மீது யுபிகுவிட்டினை (சிதைக்க வேண்டியது என்று காட்டும் சிறு புரத அடையாளம்) ஒட்டுகிறது. செல்லின் புரதச் சிதைப்பு இயந்திரமான புரோட்டியசோம் அதைச் சிதைத்துவிடுகிறது. பெருக்கத்துக்கு இன்னொரு பிரேக்கான ஆர்பி புரதத்தை வைரஸின் இ7 புரதம் முடக்கிவிடுகிறது. பாப்பிலோமா வைரஸின் இ2 புரதத்தைச் செலுத்தினால் இ6, இ7 உற்பத்தி அடங்கும். பி53 மீண்டும் சேரும், பி21 (பி53 தூண்டும் தடுப்புப் புரதம்) ஏறும், செல்கள் ஜி1 கட்டத்தில் (டிஎன்ஏ நகலெடுப்புக்கு முந்தைய கட்டம்) நின்று முதுமை நிலைக்கு (இனி பிரியவே முடியாத நிலை) போகும். வைரஸ் இல்லாத கருப்பை வாய்ப் புற்றுச் செல்களான சி33ஏ-வையும் ஒப்பீட்டுக்குக் கட்டாயம் கூடவே வையுங்கள். அங்கேயும் அதே அளவு பெருக்கம் குறைந்தால், இ6, இ7 அடங்கியதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. நச்சு விளைவாக இருக்கலாம்.

கேள்வி: இ7 உள்ள எபிதீலிய செல்களுக்கு டிஜிஎஃப்-பீட்டா (எபிதீலிய செல்களின் பெருக்கத்தை நிறுத்தும் சமிக்ஞைப் புரதம்) 5 நானோகிராம்/மிலி கொடுத்தேன். பெருக்கம் நிற்கவே இல்லை. புரதம் கெட்டுவிட்டதா?

பதில்: முதலில் மிங்க் நுரையீரல் செல்களில் (எம்வி1எல்யு) போட்டுப் பாருங்கள், நல்ல புரதமென்றால் அவை நிற்கும். நிற்காவிட்டால் கரைத்த விதத்தைச் சந்தேகியுங்கள். வெறும் பஃபரில் கரைத்தால் குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 1 மிகி/மிலி ஆல்புமினோடு கரைத்துச் சிறு பங்குகளாக உறைய வையுங்கள். வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் சீரத்திலும் டிஜிஎஃப்-பீட்டா உண்டு என்பதால், சோதனையின்போது சீரத்தை 0.2 சதவீதத்துக்கு இறக்கலாம்.

மிங்க் செல்கள் நின்று உங்களுடையவை நிற்கவில்லை என்றால் அது நிஜமான எதிர்ப்பு. ஒரு மணி நேரத்தில் ஸ்மாட்2 (ஏற்பியிலிருந்து செய்தியை உள்ளே கொண்டுபோகும் புரதம்) பாஸ்பேட் ஏற்றம் பெற்றிருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஏற்பி வேலை செய்கிறது, செய்தியும் உள்ளே போகிறது. ஆனால் இந்த பிரேக் கடைசியில் பிடிக்க வேண்டியது ஆர்பி-யை. அது இ7 கையில்.

கேள்வி: பெருக்கத்தைத் தடுக்கும் இன்னொரு புரதமான பி16 ஏராளமாக இருந்தும் செல்கள் ஏன் நிற்பதில்லை?

பதில்: அதே கதை. பி16-உம் ஆர்பி வழியாகத்தான் நிறுத்த வேண்டும். அந்த ஆர்பி முடங்கியதால்தான் பி16 ஏறுகிறது.

கேள்வி: எம்டிடி சோதனையில் (உயிருள்ள செல்கள் சாயத்தை நிறமாக மாற்றும் சோதனை) நிறம் குறைந்தால் வளர்ச்சி நின்றது என்று எழுதலாமா?

பதில்: கூடாது. அது வளர்சிதை மாற்றத்தின் அளவு. முதுமையடைந்த செல் உப்பிப் பெரிதாகி, தனியாகவே அதிக நிறம் கொடுக்கும். செல்களை எண்ணுங்கள், புதிதாக உருவாகும் டிஎன்ஏ-வில் சேரும் அடையாளப் பொருளான பிஆர்டியு-வையும் கொடுங்கள், 10 மைக்ரோமோலார், ஒரு மணி நேரம். பிறகு 2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 30 நிமிடம் வைக்காவிட்டால் டிஎன்ஏ இழைகள் பிரியாது, பிஆர்டியு-வைக் கண்டறியும் ஆன்டிபாடி உள்ளே எட்டாது. முதுமையடைந்த செல்களை நீலமாகக் காட்டும் பீட்டா-கேலக்டோசிடேஸ் சாயம் பிஎச் 6.0-இல், 37 டிகிரியில். தட்டை கார்பன் டைஆக்சைடு உள்ள வளர்ப்புப் பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள், பிஎச் இறங்கி எல்லா செல்லும் நீலமாகிவிடும்.