பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதே, வெயில்தான் காரணமா?

தர்மபுரி வெயில்மேல் பழியைப் போட்டு நானும் இரண்டு மாதம் சும்மா இருந்தவன்தான். நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பது சாதாரணம், பூனை அப்படியில்லை. நீங்கள் சொல்வதுபோல் கொஞ்சம் விளையாடியதற்கே வாயைத் திறக்கிறது என்றால் இதயத்தையும் நுரையீரலையும் பார்த்தே ஆக வேண்டும்.

எங்கள் கடுவனுக்கு அப்போது ஐந்து வயது. தெருவில் எடுத்து வளர்த்த நாட்டுப் பூனை. முதலில் காட்டிய இடத்தில் சளி என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். ஒரே வாரத்தில் சாப்பாட்டை விட்டுக் கட்டிலுக்கடியில் ஒடுங்கிவிட்டான். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எக்கோ என்கிற இதய ஸ்கேனில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் 7 மில்லிமீட்டர். 6 வந்தாலே தடிப்புதானாம். தடித்த சுவர் தளர்ந்து விரியாது. ரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மெயின் கூன், ராக்டால் என்கிற வெளிநாட்டு இனப் பூனைகளில் இதற்கான மரபணுக் கோளாறைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், ஆனால் நாட்டுப் பூனைக்கும் வரும். ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றால் அதோடு திரும்பிவிடாதீர்கள், நோய் இருந்தும் வித்தியாசமான சத்தமே காட்டாத இதயங்களும் உண்டு.

நீர் இறங்க ஃபுரோசமைடு, ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோக்ரெல் கொடுத்தார்கள். அப்பா ஸ்டென்ட் வைத்தபின் சாப்பிடும் அதே 75 மில்லிகிராம் மாத்திரைதான், அதில் கால்வாசி. கசப்பில் வாயெல்லாம் நுரை தள்ளுவான். இப்போது காலி கேப்சூலில் அடைத்து விழுங்க வைக்கிறோம். டாக்டர் சொல்லாமல் நீங்களாக எதையும் கொடுக்காதீர்கள். பாரசிட்டமால் பூனைக்கு விஷம்.

பால்சோறு மட்டுமே போடுகிறீர்களா? இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் டாரின் என்கிற சத்து குறைந்தால் இதயம் வலுவிழந்து விரிந்துபோகும். அது வேறு நோய், ஆரம்பத்திலேயே பிடித்தால் டாரின் கொடுத்துத் தேற்றலாம்.

இன்றிரவு அசந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒன்று என்று கணக்கு வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மூன்று முறை எண்ணியும் 30க்கு மேலேயே இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். திடீரென்று பின்கால்களை இழுத்துக்கொண்டு கத்தி, கால் ஜில்லிட்டிருந்தால் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். நம் பக்கம் பாம்பு கடி என்று நினைத்து நேரத்தை விட்டுவிடுவார்கள். அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்.

நாமக்கல் போவதானால் எக்கோ பார்க்கும் நாளை போனில் கேட்டுக்கொண்டு, வெயில் ஏறுமுன் தொப்பூரைத் தாண்டிவிடுங்கள். கூடையை மூடிக் கட்டாதீர்கள், காற்று வரட்டும்.