வாசகர் கேள்வி – பதில்: ஃபெலினியின் கப்பலும் பார்வையாளர்களின் மனத்தாங்கலும்

இத்தாலிய இயக்குநர் ஃபெடரிகோ ஃபெலினி 1983இல் வெளியிட்ட 'இ லா நாவே வா' என்ற படத்தைப் பற்றி இப்பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து, படத்தைத் தேடிப் பார்த்த வாசகர்கள் பலர் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். மனம் நெகிழ்ந்தவர்களும் இருக்கிறார்கள், பாதியில் எழுந்து போனவர்களும் இருக்கிறார்கள். ஆகவே இம்முறை எல்லாக் கேள்விகளும் இந்த ஒரு படத்தைப் பற்றியவை. பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1914 ஜூலையில் நேப்பிள்ஸ் துறைமுகத்திலிருந்து 'குளோரியா என்' என்ற சொகுசுக் கப்பல் புறப்படுகிறது. எட்மேயா தெத்துவா என்ற மாபெரும் ஓபரா பாடகியின் அஸ்தியை, அவர் பிறந்த தீவுக்கு அருகே கடலில் தூவுவதற்காக, பாடகர்களும் இசை நடத்துநர்களும் பிரபுக்களும் அதில் பயணம் செய்கிறார்கள். வழியில், போருக்குப் பயந்து தப்பிவந்த செர்பிய அகதிகளைக் கப்பல் தலைவர் ஏற்றிக்கொள்கிறார். பிறகு ஆஸ்திரிய-ஹங்கேரியப் போர்க்கப்பல் ஒன்று எதிர்ப்பட்டு, அவர்களை ஒப்படைக்கும்படி கேட்கிறது.

கேள்வி: 'லா தோல்சே வீத்தா', 'எட்டரை', 'அமர்கோர்ட்' ஆகிய படங்களைப் பார்த்து ஃபெலினி மீது பைத்தியமானவன் நான். இந்தப் படத்தில் ஒரு மணி நேரம் கழிந்தும் யாரைப் பின்தொடர்வது என்றே எனக்குப் புரியவில்லை. மனத்தில் ஒருவரும் ஒட்டவில்லை. வயதான பிறகு அவருடைய கை தளர்ந்துவிட்டதா?

பதில்: உங்கள் ஏமாற்றத்தை நான் மதிக்கிறேன். அது படத்தைச் சரியாகக் கவனித்ததால் வந்த ஏமாற்றம்தான். நீங்கள் குறிப்பிட்ட மூன்று படங்களிலும் நாம் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஒருவர் இருந்தார். முதல் இரண்டில் நடிகர் மார்செல்லோ மாஸ்த்ரோயானி. மூன்றாவதில் ஒரு பையனும் அவனுடைய ஊரும். இந்தக் கப்பலில் நமக்கு வழிகாட்டியாக வருகிறவர் ஆர்லாண்டோ என்ற பத்திரிகையாளர். ஆங்கில நடிகர் ஃபிரெடி ஜோன்ஸ் அந்தப் பாத்திரத்தை மிகுந்த பிரியத்தோடு செய்திருக்கிறார். ஆனால் அவர் கேமராவைப் பார்த்து நம்மிடம் ஓயாமல் பேசுகிறாரே தவிர, எந்த விஷயத்திலும் முழுத் தகவல் அவரிடம் இல்லை. முக்கியமான இடத்துக்குத் தாமதமாகவே போய்ச் சேருகிறார். அவரைப் பிடித்துக்கொண்டு நம்மால் கரையேற முடியாது.

இந்தப் படத்தின் கதாநாயகி தொடக்கத்திலேயே இறந்துபோனவர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். கப்பலில் இருக்கிற ஒவ்வொருவரும் அந்த ஒரு குரலுக்கு முன்னால் தன் இடம் என்ன என்ற கணக்கோடுதான் பயணம் செய்கிறார்கள். இன்னொரு புகழ்பெற்ற பாடகியான இல்தெபிராந்தா குஃபாரி, இறந்தவர் மீது கொண்ட பொறாமையைச் சாம்பலுக்கு முன்னாலும் கைவிட முடியாமல் தவிக்கிறார். எட்மேயாவின் பக்தரான ஓர் இளம் கோமகன் தம் அறையையே அவருக்குக் கோயிலாக்கி வைத்திருக்கிறார். கடைசியில் கப்பல் மூழ்கும்போதும், அறைக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க, எட்மேயாவின் பழைய படச்சுருளை ஓட்டிப் பார்த்துக்கொண்டு அசையாமல் அமர்ந்திருக்கிறார். என்னைப் பொறுத்தவரை ஃபெலினியின் எல்லாப் படங்களிலும் மிகத் துயரமான காட்சிகளில் அதுவும் ஒன்று. 1977இல் காலமான ஓபரா பாடகி மரியா காலஸின் அஸ்தி 1979இல் ஈஜியன் கடலில் கரைக்கப்பட்டதை இந்தக் கதையோடு பலரும் சேர்த்துப் பேசுகிறார்கள். அந்த ஒப்புமை தெரியாமலே பார்த்தாலும், ஒரு தலைமுறையே தன் நடுப்புள்ளியை இழந்து சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது தெளிவாகத் தெரிகிறது.

உங்கள் ஏமாற்றத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது காது சம்பந்தப்பட்டது. 1952 முதல் ஃபெலினியின் படங்களுக்கு இசையமைத்துவந்த நீனோ ரோத்தா 1979இல் இறந்துவிட்டார். நாம் 'ஃபெலினித்தனம்' என்று நினைத்துக்கொண்டிருக்கிற வாஞ்சையில் பெரும்பங்கு, பாதி சர்க்கஸும் பாதி ஏக்கமுமான அந்த மெட்டுகளிலிருந்து வந்தது. இந்தப் படத்தில் வெர்தி, ரோசினி போன்ற இசையமைப்பாளர்களின் பழைய இசையை ஜான்ஃபிராங்கோ பிளெனித்ஸியோ எடுத்துக் கோத்திருக்கிறார். சேர்ந்திசைப் பகுதிகளுக்குக் கவிஞர் ஆந்திரேயா த்ஸன்த்ஸோத்தோ புதிய வரிகள் எழுதியிருக்கிறார். வேலை நேர்த்தியானது. ஆனால் ரோத்தாவின் மெட்டுக்காகக் காத்திருக்கிற காதுக்கு அது பிறர் வீட்டுச் சங்கீதம்போலத்தான் ஒலிக்கும்.

கை தளர்ந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். கொதிகலன் அறைக் காட்சியை எடுத்த கை தளர்ந்த கையாக இருக்க முடியாது என்பதே என் பதில். அதைப் பற்றிக் கீழே ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கேள்வி: கடல் வெறும் பிளாஸ்டிக் தாள் என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. நிலவும் அந்திவானமும் வரைந்தவை. பணம் போதாமல் இப்படிச் செய்தார்களா? உலகப் புகழ்பெற்ற இயக்குநருக்கு இது இழுக்கல்லவா?

பதில்: பணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ரிமினி என்ற கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்த ஃபெலினிக்கு அசல் கடலைப் படமெடுக்கத் தெரியாமலும் இல்லை. 1953இல் வெளிவந்த 'இ வித்தெல்லோனி'யில் அதை அவர் எடுத்தும் இருக்கிறார். பிறகு வேண்டுமென்றே அரங்குக்குள் வந்தார். 1973இல் 'அமர்கோர்ட்' படத்தில் ஊர்மக்கள் படகுகளில் காத்திருந்து பார்க்கிற 'ரெக்ஸ்' கப்பல் நினைவிருக்கிறதல்லவா? அந்தக் கப்பலும் அது மிதக்கிற கடலும் அரங்கில் செய்யப்பட்டவை. 1976இல் 'காசனோவா' படத்தின் வெனிஸ் நீர்ப்பரப்பும் பிளாஸ்டிக்தான். பத்தாண்டுக் காலம் அவர் பழகிவந்த முறை இந்தப் படத்தில் உச்சத்துக்குப் போயிருக்கிறது. ரோம் நகரின் சினேசித்தா படப்பிடிப்பு வளாகத்தில் ஐந்தாம் எண் அரங்குக்குள், கலை இயக்குநர் தாந்தே ஃபெரெத்தி கப்பலின் மேல்தளத்தைக் கட்டினார். அலையில் ஆடுவதுபோல் அது அசைய, கீழே நீரழுத்த இயந்திரங்கள் பொருத்தப்பட்டன. ஒளிப்பதிவாளர் ஜுசெப்பே ரோத்துன்னோ அந்தத் தாள்கடலின் மேல் விழச்செய்திருக்கிற வெளிச்சத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். அலை பொய் என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகும் அதன் மீது படர்கிற மாலையொளி நெஞ்சைத் தொடுகிறது.

அந்திவானக் காட்சியை இன்னொரு முறை கவனியுங்கள். பயணிகள் மேல்தளத்தில் நின்று அதன் அழகில் லயித்திருக்கையில், வரைந்து வைத்ததுபோல் இருக்கிறதே என்று ஒருவர் வியக்கிறார். அது உண்மையில் வரைந்துதான் வைக்கப்பட்டிருக்கிறது. வாழ்நாள் முழுவதையும் மேடைத் திரைச்சீலைகளுக்கு முன்னால் கழித்த மனிதர்கள் இவர்கள். உண்மையான வானமே எதிரில் வந்தாலும் அதைத் திரைச்சீலையாகத்தான் பார்ப்பார்கள். அவர்களுடைய கண்ணுக்குப் புலப்படுகிற உலகத்தை ஃபெலினி அப்படியே நமக்கும் கட்டிக்கொடுத்திருக்கிறார். அசல் கடலில் எடுத்திருந்தால் அவர்கள் வேறு, உலகம் வேறு என்று ஆகியிருக்கும். அதனால்தான் இதை இழுக்கு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: பாடகர்களின் உதட்டசைவும் குரலும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. நான் பார்த்த பிரதியின் குறையா?

பதில்: பிரதியின் குறையல்ல. வசனத்தைப் படப்பிடிப்புக்குப் பிறகு ஒலிக்கூடத்தில் பதிவுசெய்வது இத்தாலியத் திரையுலகின் நெடுங்கால வழக்கம். பல மொழி நடிகர்களை ஒன்றாக நடிக்கவைத்த ஃபெலினி அதை மிகத் தாராளமாகக் கையாண்டார். இந்தப் படத்தில் ஆங்கில நடிகர்கள் பலர் இருப்பதால் அது கூடுதலாகத் தெரிகிறது.

கேள்வி: கொதிகலன் அறைக் காட்சியில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. உடன் பார்த்த தோழியோ, பணக்காரர்கள் தொழிலாளிகளுக்குப் பிச்சை போடுவதுபோல் இருந்தது என்றார். யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் ஒரே காட்சியைத்தான் பார்த்திருக்கிறீர்கள், இருவருக்கும் அதில் ஆதாரம் இருக்கிறது. பாடகர்கள் இயந்திர அறையைச் சுற்றிப் பார்க்க வந்து, உயரத்தில் உள்ள இரும்பு நடைபாதையில் நிற்கிறார்கள். வெகு கீழே, கரியும் வியர்வையுமாக, உலைக்கு நிலக்கரி அள்ளிப் போடுகிற தொழிலாளிகள். பாடும்படி அவர்கள் கேட்கிறார்கள். முதலில் ஒருவர் தொடங்குகிறார். பிறகு இன்னொருவர் அவரைவிட உச்சத்தில் எடுக்கிறார். சிறிது நேரத்தில் அது பச்சையான போட்டியாகிவிடுகிறது. யார் அதிக நேரம் மூச்சுப் பிடிப்பது, யாருடைய குரல் இயந்திர இரைச்சலை மீறிக் கீழே போய்ச் சேருவது என்று கழுத்து நரம்பு புடைக்கப் பாடுகிறார்கள். கீழே இருப்பவர்களுக்காகத் தொடங்கிய பாட்டு, பக்கத்தில் நிற்பவரை வெல்வதற்கான பாட்டாக மாறிவிடுகிறது. உங்கள் தோழி அதைக் கண்டுகொண்டார். ஆனால் அந்தப் போட்டியிலிருந்து பிறக்கிற குரல்கள் மெய்யாகவே அழகானவை. தலை நிமிர்த்திக் கேட்கிற தொழிலாளிகளின் முகத்தில் தெரிகிற மகிழ்ச்சியும் பொய்யல்ல. நீங்கள் அதில் கரைந்தீர்கள். அகந்தையிலிருந்தும் அசலான கலை பிறக்கும் என்ற சங்கடமான உண்மையை, எந்தப் பக்கமும் சாயாமல் ஃபெலினி காட்டியிருக்கிறார். இந்த ஒரு காட்சிக்காகவே இந்தப் படத்தை அவருடைய முதல் வரிசைப் படங்களோடு வைக்க நான் தயங்கமாட்டேன்.

கேள்வி: காண்டாமிருகம் எதற்கு?

பதில்: கப்பலின் அடித்தளத்தில் நோயுற்றுக் கிடக்கிற அந்த விலங்கின் நாற்றம் மேலே வாசனைத் திரவியம் பூசிய பயணிகளை எட்டுகிறது; அதைச் சங்கிலியில் கட்டித் தூக்கிக் குளிப்பாட்டுகிறார்கள்; முடிவில் ஆர்லாண்டோவோடு உயிர்காப்புப் படகில் அது போகிறது. போரின் சின்னம், இயற்கையின் சின்னம் என்றெல்லாம் விளக்கியவர்கள் உண்டு. எந்த விளக்கத்துக்கும் முழுதாக அடங்காமல் கனமாகக் கிடப்பதுதான் அதன் வேலை என்று நான் நினைக்கிறேன். அந்தக் கப்பலில் நடிக்கத் தெரியாத ஒரே உயிர் அது.

கேள்வி: அகதிகள் வந்த பிறகு படம் சரிந்துவிட்டது என்பது என் கருத்து. நூறு பாடகர்களின் கிறுக்குத்தனங்களைச் சொல்ல நேரம் இருந்தவருக்கு, செர்பியர்களில் ஒருவரைக்கூட மனிதராகக் காட்ட மனமில்லையே?

பதில்: இந்தக் குற்றச்சாட்டுக்கு என்னிடம் முழுமையான மறுப்பு இல்லை. ஃபெலினிக்காக ஒன்று சொல்லலாம். அகதிகளை நாம் பெரும்பாலும் பயணிகளின் கண் வழியாகவே பார்க்கிறோம். உணவுக்கூடத்தின் கண்ணாடிச் சன்னல்களுக்கு வெளியே பசித்த முகங்கள் வந்து நிற்க, உள்ளே வெள்ளிக் கரண்டிகள் தயங்குகிற காட்சி, 1914இன் ஐரோப்பாவை ஒரே சட்டகத்துக்குள் அடக்கிவிடுகிறது. செரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக்கொல்லப்பட்டது அவ்வாண்டு ஜூன் 28. ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியா மீது போர் அறிவித்தது ஜூலை 28. இடைப்பட்ட நாள்களில்தான் இந்தக் கப்பல் மிதக்கிறது என்பதைத் தெரிந்து பார்க்கிறவருக்கு அந்தக் கண்ணாடி மிகவும் மெலிதாகத் தெரியும்.

ஆனாலும் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரவில் மேல்தளத்தில் அகதிகள் ஆடிப்பாட, பயணிகளும் இறங்கி வந்து கலந்துகொள்கிற காட்சி கண்ணுக்கு விருந்து; அதற்குப் பிறகு அவர்களில் எவரையும் நாம் அறிந்துகொள்ளவில்லை என்பது உறுத்துகிறது. பயணிகளின் குருட்டுத்தனத்தைக் காட்டப் புறப்பட்ட படம், அந்த இடத்தில் தானும் அதே குருட்டுத்தனத்தில் கொஞ்சம் விழுந்துவிடுகிறது. பயணிப் பெண் ஒருத்திக்கும் செர்பிய இளைஞன் ஒருவனுக்கும் இடையே முளைக்கிற காதலும் கோட்டோவியமாகவே நின்றுவிடுகிறது. அதில் இன்னும் பத்து நிமிடம் செலவிட்டிருந்தால், இறுதிக் குண்டுவெடிப்பு நம்மைப் பலமாகத் தாக்கியிருக்கும்.

அகதிகளை ஒப்படைக்கமாட்டோம் என்று பாடகர்கள் போர்க்கப்பலை நோக்கிச் சேர்ந்திசையாகப் பாடுவதைச் சிலர் கேலிக்கூத்து என்று எழுதியிருக்கிறார்கள். பீரங்கிக்கு முன்னால் பாட்டு எடுபடாது என்பது பாடுகிறவர்களுக்கும் தெரிகிறது. இருந்தும், பயணம் முழுக்க ஒருவரையொருவர் வெல்லவே பாடியவர்கள் முதன்முறையாக வேறொருவருக்காகச் சேர்ந்து பாடுகிறார்கள். அதைக் கண்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேள்வி: கடைசியில் கேமராவையும் அரங்கையும் ஆட்களையும் காட்டிவிடுகிறார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த எங்களை ஏமாற்றும் வேலை அல்லவா இது?

பதில்: படத்தின் முதல் சில நிமிடங்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நிறமற்ற, ஒலியற்ற பழைய செய்திப்படம்போலத் துறைமுகம் தோன்றுகிறது. படக்கருவி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. கூட்டத்தில் இருப்பவர்கள் கேமராவைத் திரும்பிப் பார்க்கிறார்கள். பிறகு மெல்ல ஒலி சேர்கிறது, வண்ணம் கசிகிறது. 'நீங்கள் பார்க்கப்போவது சினிமா' என்று தொடக்கத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். முடிவில் அரங்கைத் திறந்து காட்டும்போது அவர் எந்த வாக்கையும் மீறவில்லை. 1983 வெனிஸ் விழாவில் போட்டிக்கு வெளியே திரையிடப்பட்ட இந்தப் படத்துக்கு, மறு ஆண்டு இத்தாலியின் தாவித் தி தொனாத்தெல்லோ விருதுகளில் சிறந்த படத்துக்கான விருதும் கிடைத்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: அவருடைய பிற்காலப் படங்களில் அடுத்து எதைப் பார்க்கலாம்?

பதில்: இந்தப் படம் பிடிக்காதவர்கள் 1986இல் வந்த 'ஜிஞ்சர் எ ஃபிரெட்' படத்தைப் பாருங்கள். ஜூலியத்தா மசினாவும் மாஸ்த்ரோயானியும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் மீண்டும் ஆடவருகிற முதிய நடனக் கலைஞர்களாக வருகிறார்கள். பின்தொடர்வதற்கு ஆள் இல்லை என்ற குறை அங்கே இருக்காது. பிளாஸ்டிக் கடலில் மயங்கியவர்களுக்கு 1987இன் 'இன்டர்விஸ்தா' ஏற்றது. சினேசித்தாவே அதில் கதாபாத்திரம். கடைசிப் படமான 'லா வோச்சே தெல்லா லூனா' 1990இல் வந்தது. அதைச் சற்றுப் பொறுத்து, மற்ற இரண்டுக்கும் பிறகு பாருங்கள்.