அப்பாவின் சட்டைகளை வெட்டலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில காலமாக ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்துவருகிறேன். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளைப் பார்த்துத் தைப்பவைதான். எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் கட்டங்களின் மூலைகள் சேருவதில்லை. போன வருஷம் அப்பா தவறிவிட்டார். அவருடைய பருத்திச் சட்டைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றைக் கொண்டு ஒரு போர்வை தைக்க ஆசை. ஆனால் வெட்டக் கை வரவில்லை. “இது கைவேலைதானே, கலையா என்ன? சட்டைகளைக் கெடுக்காமல் வை” என்கிறாள் அக்கா. என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வெட்டுங்கள். மடித்தே வைத்திருக்கும் துணி மடிப்பிலேயே இற்றுப்போகும்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட், கறுப்பின மக்கள் வாழும் சிற்றூர். அங்கே 1942இல் மிசௌரி பெட்வே என்ற பெண், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவாக அதைப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். அந்த ஊரின் உடுப்புத்துணிப் போர்வைகளில் ஒன்றைக் கவனிக்கலாம். பையைப் பிரித்தெடுத்த இடத்தில், வெயில் படாத துணி அடர்நிறக் கட்டமாகத் தெரியும். அதை யாரும் மறைக்கவில்லை. போர்வையின் அழகே அதில்தான் இருக்கிறது.

உங்கள் அப்பாவின் சட்டைப் பையையும் பிரித்துப் பாருங்கள். அதே அடர்ந்த கட்டம் இருக்கும். காலரைப் பிரித்தால் உள்ளே பழைய நிறம் தெரியும். முழங்கைப் பக்கம் நூல் தேய்ந்திருக்கும். இவ்வளவும் கையில் இருக்கும்போது இணைய மாதிரி எதற்கு? எல்லாவற்றையும் மூன்று அங்குலச் சதுரங்களாக நறுக்கிவிட்டால் அது அப்பாவின் சட்டையாக இருக்காது, ஏதோ ஒரு கோடுபோட்ட துணியாகிவிடும். பை இருந்த இடத்தையும் பொத்தான் பட்டியையும் பெரிய துண்டுகளாகவே விடுங்கள். மற்றவற்றை அவற்றுக்கு ஏற்றபடி வெட்டிக்கொள்ளலாம்.

தைக்க அவசரப்படாதீர்கள். சுவரில் ஒரு விரிப்பைக் கட்டி, துண்டுகளைக் குண்டூசியால் அதில் குத்தி, தள்ளி நின்று பாருங்கள். கைப்பேசியில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்தால் இன்னும் நல்லது. கிட்டத்தில் நிறம் நம்மை ஏமாற்றும். தூரத்திலிருந்து போர்வையைத் தாங்குவது இருட்டும் வெளிச்சமும்தான். நீலமும் பச்சையும் அந்தப் படத்தில் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், அங்கே ஒரு வெளிர்த்துண்டு வேண்டும். இப்படி இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் படைப்பு வேலை. அதற்கு எத்தனை நாள் ஆனாலும் கொடுங்கள்.

தேய்ந்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊடுருவித் தெரிந்தால் பின்னால் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுத்துணி கலப்பதானால் முதலில் துவைத்துவிடுங்கள், சுருங்கவும் செய்யும், சாயமும் போகும்.

மூலைகள் சேராததற்குக் காரணம் பெரும்பாலும் தையலுக்கு விடும் ஓரம். கால் அங்குலம் விட வேண்டிய இடத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடினால், இரண்டு துணியிலுமாக இரண்டு மில்லிமீட்டர் போய்விடும். பத்துத் தையல் உள்ள வரிசையில் இரண்டு சென்டிமீட்டர் குறையும். பக்கத்து வரிசையில் அதே அளவு குறையாவிட்டால் மூலை எப்படிச் சேரும்? மூலைவாட்டில் சாய்வாக வெட்டிய துணியும் இழுபடும். ஆகவே நூல் ஓடும் போக்கில் வெட்டுங்கள். சட்டைப் போர்வைக்கு இந்தக் கவலை குறைவு. பெரிய துண்டுகள் என்பதால் தையல்களும் குறைவு.

அப்புறம், அக்காவின் கேள்வி. 1971இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் பழைய போர்வைகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. கலையா என்பதற்கு அதுவே போதும். எனக்கு வருத்தம் வேறு. அவற்றில் பலவற்றைத் தைத்த பெண்களின் பெயர் தெரியவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் என்ற பெண், 1886 வாக்கில் விவிலியக் காட்சிகளை வைத்துத் தைத்த போர்வையின் கதை வேறு. வறுமையில் அதை ஐந்து டாலருக்கு விற்றபோது, ஒவ்வொரு காட்சியையும் அவர் விளக்கினார். வாங்கியவர் அந்த விளக்கத்தை எழுதி வைத்தார். இன்று அந்தப் போர்வை வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பவர்ஸின் பெயரோடு இருக்கிறது.

அதனால் போர்வையின் பின்பக்கம் ஒரு சிறு துணி வைத்துத் தையுங்கள். உங்கள் பெயர், அப்பாவின் பெயர், வருஷம், எந்தச் சட்டை எப்போது போட்டது என்று தெரிந்தவரை. நூலாலேயே எழுதுங்கள், பேனா மை மங்கிவிடும்.

அன்புடன்.