கேட் ஒன்று, துறை இரண்டு: கழிப்பறைச் சாவியை யாரிடம் கேட்பது?

வாசகி ஒருவரின் கேள்வி: "எங்கள் ஊர் ஒன்றிய நடுநிலைப் பள்ளி வளாகத்து அங்கன்வாடியில் என் மகள் எல்.கே.ஜி. படிக்கிறாள். பள்ளிக் கழிப்பறை எப்போதும் பூட்டியே கிடக்கிறது. எச்.எம்.மிடம் போனால் 'அங்கன்வாடி என் பொறுப்பில் இல்லை' என்கிறார். அங்கன்வாடி டீச்சரோ 'கழிப்பறை ஸ்கூலுடையது, அவரையே கேளுங்கள்' என்கிறார். யாரைத்தான் பிடிப்பது?"

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, அதுதான் சிக்கல். பள்ளி பள்ளிக்கல்வித் துறையில் வருகிறது, அங்கன்வாடி சமூக நலத் துறையின் ஐ.சி.டி.எஸ். என்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில். 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பித்தபோது பாடம் நடத்த அரசுப் பள்ளி ஆசிரியர்களை அனுப்பினார்கள், 2022-இல் அவர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டு தற்காலிகச் சிறப்பாசிரியர்களைப் போட முடிவானது. சமையல், எடை பார்ப்பது, சத்துமாவு எல்லாம் அன்றும் இன்றும் ஐ.சி.டி.எஸ். கையில்தான்.

சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். அக்கா மூன்றாம் வகுப்பு, தங்கை எல்.கே.ஜி. என்றால் அக்காவுக்குச் சத்துணவு மையத்துச் சோறு, தங்கைக்கு நாலு எட்டு தள்ளி அங்கன்வாடி அடுப்பில் வெந்த சோறு. காலை உணவுத் திட்டம் ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான், அதனால் காலையில் அக்கா தட்டில் உப்புமா இருக்கும், தங்கைக்கு அந்தத் திட்டத்தில் தட்டே கிடையாது.

சரி, உங்கள் விஷயம். கழிப்பறை, தண்ணீர், சுவர் எல்லாம் கட்டடத்தைச் சேர்ந்தவை, முதலில் எச்.எம்., அப்புறம் ஒன்றிய அலுவலகத்தில் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்). முட்டை, எடை, அங்கன்வாடி டீச்சர் வருகை என்றால் அங்கன்வாடி சூப்பர்வைசர், அவருக்கு மேல் சி.டி.பி.ஓ. (குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்). டீச்சரையே எச்.எம்.மிடம் பேசச் சொல்லாதீர்கள். அவர் எச்.எம்.முக்குக் கீழே வேலை பார்ப்பவர் இல்லைதான், ஆனால் தினமும் அவர் முகத்தில் விழித்தாக வேண்டும், சங்கடப்படுவார்.

நான் நம்புவது பள்ளி மேலாண்மைக் குழுவை. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். நீங்கள் அதில் உறுப்பினராக இல்லாவிட்டாலும் பெரிய வகுப்பில் பிள்ளை படிக்கும் ஓர் அம்மாவிடம் சொல்லி அடுத்த கூட்டத்தில் பேச வையுங்கள், அதே கூட்டத்துக்குச் சூப்பர்வைசரையும் கூப்பிடச் சொல்லுங்கள். நான் பார்த்த ஒரு பள்ளியில் எச்.எம்.மும் சூப்பர்வைசரும் முதல்முறை நேருக்கு நேர் உட்கார்ந்ததே அப்படி ஒரு கூட்டத்தில்தான், பத்து நிமிஷத்தில் இன்னொரு சாவி செய்து அங்கன்வாடி ஆயாவிடம் கொடுப்பதென்று முடிந்தது. சாவியோடு இதையும் கேட்டுவிடுங்கள்: குழந்தையோடு யார் போவது, மூன்று வயதுக் காலுக்கு அந்தப் பேசின் எட்டுமா, பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைப்பது யார். வாய்வார்த்தையாக விடாமல் தீர்மானப் பதிவேட்டில் எழுத வையுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் திங்கள்கிழமை மனுநாளுக்குப் போங்கள். மாவட்டத்தில் இந்த இரண்டு துறையையும் சேர்த்துக் கேள்வி கேட்கக்கூடியவர் கலெக்டர். மனுவில் எச்.எம்., சி.டி.பி.ஓ. இருவரையும் குறிப்பிடுங்கள், ஒருவரை விட்டால் மற்றவர் பக்கம் கை காட்டிவிடுவார்கள். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.