தரங்கம்பாடியில் இரண்டு ராத்திரி

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. வேலூரைத் தாண்டிப் போனதே அபூர்வம். கடலை ஒட்டிய பழங்கால வீடு ஒன்றில் ஒரு ராத்திரி தங்கவைக்க ஆசை. தரங்கம்பாடி சரிப்படுமா? சாப்பாடு எப்படி? அம்மாவுக்கு முட்டிவலி வேறு.
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: கண்டிப்பாகக் கூட்டிப்போங்கம்மா. ஆனால் ஒரு ராத்திரி போதாது. போன அன்று அலுப்பிலேயே போய்விடும். இரண்டு ராத்திரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620இல் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் எழுப்பியது அங்குள்ள டான்ஸ்போர்க் கோட்டை. 1845இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்கு எதிரே ஆங்கிலேயக் கலெக்டர் குடியிருந்த பங்களாதான் இப்போது விடுதி. அறைகளுக்கு டேனிஷ் கப்பல்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய வீட்டுப் படிகள் முட்டிக்கு ஆகாது. பதிவு செய்யும்போதே கீழ்த்தளத்து அறை கேளுங்கள்.

சாப்பாட்டில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சின்ன ஊர் விடுதியில் எல்லாம் தயாராக இருக்காது. வேறோர் ஊரில் ராத்திரி 9 மணிக்குப் போய் இறங்கி, ரொட்டியும் ஆம்லெட்டும் தின்றுவிட்டுப் படுத்தவள் நான். காலை டிபன் முடிந்ததுமே சமையற்காரரிடம், “இன்னைக்குப் படகுல என்ன வந்துச்சுங்க?” என்று கேட்டுவிடுங்கள். தரங்கம்பாடியில் நான் கேட்ட அன்று வஞ்சிரம் கிடைக்கவில்லை, சங்கராதான். மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தார். நான் கொசப்பேட்டையில் பிறந்தவள். ஐஸ் பெட்டியில் வேலூர் வந்து சேரும் மீனைத் தின்றே வளர்ந்த நாக்கு. அந்தச் சங்கரா, தொட்டதும் முள்ளை விட்டுக் கழன்று வந்தது. இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினேன். அம்மா சைவமென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வேலூர் கன்டோன்மென்டிலிருந்து விழுப்புரம் வழியாக மயிலாடுதுறைக்கு ரயில் உண்டு, தினமும் இல்லை. அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர், கார் பிடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், மழை கொட்டும். தை, மாசி நல்லது.

அங்கே கடல் கிழக்கே. அதனால் சாயங்காலத்தைவிட விடியற்காலைதான் அழகு. ஐந்தரைக்கே அம்மாவை எழுப்பி வராந்தாவில் உட்காரவையுங்கள். வெளிச்சம் வந்தபின் மெல்ல மாசிலாமணிநாதர் கோயில்வரை போய்வரலாம். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் கட்டியது, முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மறக்காமல் ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். தை மாதத்துக் கடல்காற்று அந்நேரத்தில் நம் ஊர்க்காரர்களுக்குக் குளிரும்.