கனவு ஏன் காலை வரை தங்குவதில்லை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்குக் கனவே வருவதில்லை. வீட்டில் மற்றவர்கள் காலையில் கனவுக் கதை பேசும்போது நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். மூளையில் ஏதாவது குறையா, டாக்டர்? (வாசகி, ஈரோடு)

குறை எதுவும் இல்லை. உங்களுக்கும் கனவு வருகிறது; காலை வரை தங்குவதில்லை, அவ்வளவுதான். உறங்குபவரின் மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசையும் ஒரு கட்டம் இரவில் திரும்பத் திரும்ப வருவதை, சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும் 1953-இல் வெளியிட்டார்கள். இன்று ரெம் உறக்கம் எனப்படும் அந்தக் கட்டத்தில் எழுப்பிக் கேட்டால், பத்துக்கு ஏறக்குறைய எட்டு முறை கனவு விவரம் கிடைக்கும் என்பதை அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. கனவே காண்பதில்லை என்று சொல்பவர்களும் ஆய்வகத்தில் இப்படி எழுப்பப்படும்போது பெரும்பாலும் ஏதாவது ஒரு கனவைச் சொல்லிவிடுகிறார்கள்.

மறந்துபோவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, விழித்திருக்கையில் அனுபவங்களை நினைவில் பதிக்கத் துணைசெய்யும் நாரட்ரினலின் என்ற வேதிப்பொருளின் சுரப்பு ரெம் உறக்கத்தின்போது மூளையில் அனேகமாக நின்றுவிடுகிறது என்பது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. பிரான்சின் லியோன் நகரில் பெரின் ரூபியின் குழு நடத்திய ஆய்வில், கனவுகளை அடிக்கடி நினைவுகூர்பவர்கள் இரவில் இடையிடையே விழித்திருந்த நேரம் மொத்தம் சுமார் 30 நிமிடமாக இருந்தது. அரிதாக நினைவுகூர்பவர்களுக்கோ ஏறக்குறைய அதில் பாதிதான். கனவை ஒட்டி ஒரு சிறு விழிப்பு வாய்த்தால் அது நினைவில் பதிய வாய்ப்பு கிடைக்கிறது என்றே இதைப் புரிந்துகொள்கிறேன். நீங்கள் இடையில் விழிக்காமல் உறங்குகிறவராக இருந்தால், வீட்டில் மற்றவர்கள்தான் உங்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும்.

கேள்வி: தலைமாட்டில் நோட்டு வைத்திருக்கிறேன். ஆனால் பேனாவை எடுப்பதற்குள் எல்லாம் மறந்துவிடுகிறது. இதைப் பழகிக்கொள்ள வழி உண்டா? (வாசகர், திருநெல்வேலி)

உண்டு. நோட்டு வைத்தது சரிதான். அவசரமாகக் கை நீட்டுவதுதான் காரியத்தைக் கெடுக்கிறது. தாளுக்கும் பென்சிலுக்கும் கை நீட்டுகிற அல்லது மெழுகுவத்தியை ஏற்றுகிற சிறு அசைவிலேயே கனவு கலைந்துவிடுவதுண்டு என்று அமெரிக்க உளவியலாளர் மேரி கால்கின்ஸ் 1893-இலேயே எழுதியிருக்கிறார்.

ஆகவே விழிப்பு வந்ததும் கண்ணைத் திறக்காதீர்கள், புரளாதீர்கள், இன்று என்ன வேலை இருக்கிறது என்று யோசிக்கவும் செய்யாதீர்கள். கடைசியாக நின்ற காட்சி எதுவோ அதைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன் எங்கே இருந்தேன், அங்கே எப்படி வந்தேன் என்று பின்னோக்கிப் போங்கள். காட்சி எதுவும் கிடைக்காவிட்டால், மனத்தில் மிஞ்சியிருக்கும் உணர்ச்சி என்ன என்று பாருங்கள். பதற்றமோ வெட்கமோ காரணமில்லாத மகிழ்ச்சியோ பிடிபட்டால், அதன் பின்னாலேயே ஒரு முகமோ ஓர் இடமோ வருவது உண்டு. அதுவும் வராவிட்டால், வழக்கமாக நீங்கள் படுக்கும் மறுபக்கத்துக்கு மெல்லத் திரும்பி ஒரு நிமிடம் காத்திருங்கள். இவ்வளவும் முடிந்த பிறகே பேனா.

எழுதும்போது முதலில் கோவையான வாக்கியம் தேவையில்லை. “மாமா வீட்டு மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது. மோட்டார் சுவிட்சைக் காணவில்லை. பயம் இல்லை, எரிச்சல்” என்ற அளவில் சொற்களைப் போட்டுவிட்டால், பல் துலக்கிவிட்டு வந்து விரிவாக எழுதலாம். ஒன்றும் நினைவில்லாத நாளில் தேதியைப் போட்டு “இல்லை” என்றாவது எழுதுங்கள். பழக்கம் அறுந்துபோகாமல் இருக்க அது உதவும். செல்போனில் குரல்பதிவு செய்வதை நான் அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை. திரையைத் தொட்ட கையோடு வாட்ஸ்அப்பின் காலை வணக்கப் படங்கள் வந்து நிற்கும், கனவு அத்தோடு சரி. உறங்கப்போகும்போது “நாளைக் காலை கனவை நினைவுகூர்வேன்” என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வது அற்பமாகத் தோன்றினாலும் பலருக்குப் பலன் தருகிறது. இதற்காக நள்ளிரவில் அலாரம் வைத்து எழுந்திருக்கச் சொல்லும் யோசனைகளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்; ஆய்வகத்தில் செய்வதை அன்றாடம் வேலைக்குப் போகிறவர் வீட்டில் செய்தால் உறக்கம்தான் கெடும்.

கேள்வி: விடியற்காலைக் கனவு மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. அது பலிக்கும் என்பார்களே? (வாசகி, மதுரை)

பலிப்பதைப் பற்றிப் பஞ்சாங்கம்தான் சொல்ல வேண்டும். நினைவில் நிற்பதற்கு மட்டும் நான் காரணம் சொல்கிறேன். உறக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. முதல் சுற்றில் ரெம் உறக்கம் பத்து நிமிடம் போல இருந்தால், விடியும் நேரத்தில் அரை மணிக்கும் மேலாக நீள்வதுண்டு. நீண்ட கனவுகள் அப்போதுதான் வருகின்றன, உடனே விழிப்பும் வந்துவிடுகிறது. எட்டு மணி நேரம் உறங்க வேண்டியவர் ஆறு மணி நேரத்தில் எழுந்தால் அவர் இழப்பது பெரும்பாலும் இந்தப் பகுதியைத்தான்.

கேள்வி: வைட்டமின் பி6 மாத்திரை சாப்பிட்டால் கனவுகள் நினைவில் நிற்குமாமே? (வாசகர், கோயம்புத்தூர்)

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்திலிருந்து 2018-இல் வெளியான ஆய்வில், உறங்கும் முன் 240 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் எடுத்துக்கொண்டவர்கள் கனவின் விவரங்களைக் கூடுதலாக நினைவுகூர்ந்தது உண்மை. ஆனால் உடலுக்கு அன்றாடம் தேவைப்படுவது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். பெரிய அளவில் நெடுநாள் உட்கொண்டால் நரம்பு பாதிக்கப்பட்டு கைகால்கள் மரத்துப்போகும். ஐந்து நாள் பரிசோதனையை நம்பிக் கடையில் மாத்திரை வாங்காதீர்கள். கொண்டைக்கடலையும் வாழைப்பழமும் மீனும் போதும்.

கேள்வி: இரத்த அழுத்தத்துக்குப் புதிய மாத்திரை தொடங்கியதிலிருந்து கனவுகள் மிகத் துல்லியமாக நினைவிருக்கின்றன. (வாசகர், யாழ்ப்பாணம்)

ப்ரோப்ரானலால், மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகள் சிலருக்குத் தெளிவான கனவுகளையும் கெட்ட கனவுகளையும் தரும். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகளும் அப்படியே. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஏனெனில் பீட்டா தடுப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. மருத்துவரிடம் சொன்னால் மருந்தையோ வேளையையோ மாற்றித் தருவார்.

கேள்வி: ஒரே கெட்ட கனவு அடிக்கடி வருகிறது. அதையும் எழுதி வைக்க வேண்டுமா? (வாசகி, திருச்சி)

விழித்த நிமிடத்தில் எழுத வேண்டாம். விளக்கைப் போட்டு, தண்ணீர் குடித்து, மனம் அடங்கிய பின் மீண்டும் படுங்கள். பகலில், நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து அந்தக் கனவை எழுதி, அதன் போக்கை நீங்கள் விரும்பியபடி மாற்றி எழுதுங்கள். பிறகு அந்த மாற்றிய வடிவத்தை மட்டும் நாள்தோறும் பத்து இருபது நிமிடம் மனத்தில் ஓட்டிப் பாருங்கள். கெட்ட கனவுகளுக்கு அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் பரிந்துரைக்கும் சிகிச்சை முறை இதுவே. விபத்து, வன்முறை போன்ற நடந்துபோன ஒன்று அப்படியே கனவில் திரும்புகிறது என்றால், இதைத் தனியாகச் செய்யாமல் மனநல மருத்துவர் ஒருவரின் துணையோடு தொடங்குங்கள்.